ஏர்சாஃப்ட் கன் ஜாம் ஆகுதா? குண்டைத் திட்டணுமா, குளிரையா?

ஏர்சாஃப்ட்னா சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டுத் துப்பாக்கி. கன் எந்த வகைன்னு பார்க்காம இதுக்கு பதில் சொல்ல முடியாதுங்க.

கேஸ் கன்னா என் ஓட்டு குளிருக்குத்தான். ஜப்பான்ல நிறைய பேர் போடுற 134ஏ கேஸ் 20 டிகிரில சுமார் 5.7 பார் அழுத்தம் தரும், அதுவே 0 டிகிரிக்கு இறங்கினா 2.9 பார், கிட்டத்தட்ட பாதி, அப்புறம் ஸ்லைடு (சுடும்போது பின்னாடி போய் வர்ற மேல்பகுதி) எப்படி முழுசா பின்னாடி போகும், அடுத்த குண்டு எப்படி ஏறும்? கேஸ் ஆவியாகும்போது மேகசின்ல, அதாவது குண்டும் கேஸும் அடைக்கிற பெட்டியில, இருக்குற சூட்டையும் இழுத்துக்குது. குளிர்ல ஒரு மேகசினை வேகமா காலி பண்ணிட்டு கழட்டிப் பாருங்க, வெளிப்பக்கம் வெள்ளையா பனி பூத்திருக்கும். அந்த நேரத்துல எவ்வளவு காஸ்ட்லி குண்டு போட்டாலும் பிரயோஜனமில்ல.

எலக்ட்ரிக் கன் கதையே வேற. குளிர்ல பேட்டரி கொஞ்சம் சோர்ந்து போகும், ஹாப் அப் ரப்பர் (குண்டைச் சுழல வைக்கிற ரப்பர்) இறுகும், அவ்வளவுதான். ஜாம்னா முதல்ல குண்டைப் பாருங்க. 6 மிமீன்னு சொன்னாலும் நல்ல குண்டு 5.95 மிமீதான் இருக்கும், பேரல் உள்விட்டம் பொதுவா 6.01ல இருந்து 6.08 வரை, அதனால டைட் பேரல் போட்டவங்களுக்கு இடைவெளி ஒரு முடி அளவுகூட கிடையாது. மட்டமான குண்டுல நடுவுல ஒட்டுக்கோடு இருக்கும், நகத்தால தடவினாலே தட்டுப்படும், அது ரப்பர்ல போய் சிக்கிக்கும். கீழ கிடந்ததை பொறுக்கிப் போடுறது அதைவிட மோசம், மண்ணு உள்ள போய் பேரலையே கீறிடும்.

பயோ குண்டு, அதாவது மக்கிப்போற வகை, மட்டும் குண்டு, வானிலைன்னு ரெண்டு பக்கமும் சேரும், பாக்கெட்டைத் திறந்தே வெச்சா ஈரம் இழுத்து ஊதிடும்.