டொக்கரா, பொட்மனா: கற்பவர் படும் பாடு

திருகோணமலையில் கொள்கலன் என்றால் பலருக்குத் துறைமுகமே நினைவுக்கு வரும். உவர்மலையில் மடிக்கணினியுடன் அமர்ந்து மென்பொருள் எழுதும் எனக்கோ, 2013 இல் வெளியான டொக்கரும், அதன் கட்டளைகளைப் பெரும்பாலும் அப்படியே ஏற்கும் பொட்மனுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையானவற்றையும் ஒன்றாகப் பொதிந்து, தனியே இயக்குவதே மென்பொருளில் கொள்கலன்; அதற்கான கருவிகளே இவ்விரண்டும்.

லினக்ஸில் வழக்கமான முறையில் நிறுவிய டொக்கரில், ரூட் (கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) அதிகாரம் கொண்ட பின்னணிச் சேவையொன்றே எல்லாக் கொள்கலன்களையும் நடத்துகிறது. தொடங்குவது எளிது. ஆனால் நமது கோப்புறையைக் கொள்கலனுடன் இணைத்தால், உள்ளே ரூட்டாக இயங்கும் நிரல் உருவாக்கும் கோப்புகள் வெளியேயும் ரூட்டுக்கே உரியவையாகி, சொந்தக் கணினியிலேயே அவற்றைத் திருத்த அனுமதி மறுக்கப்படும். இதன் காரணம் புரியாமல் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். குற்றம் என் அறியாமையே.

பொட்மனுக்கு அத்தகைய மையச் சேவை இல்லை. சாதாரணப் பயனர் இயக்கும்போது, கொள்கலனுக்குள் இருக்கும் ரூட் வெளியே அதே பயனராகவே கருதப்படுவதால் மேற்சொன்ன தொல்லை நீங்குகிறது. எனினும் உள்ளே வேறொரு பயனராக இயங்கும் தரவுத்தளம் எழுதும் கோப்புகளுக்கு, பழக்கமில்லாத பெரிய எண்ணொன்று உரிமையாளராகத் தோன்றும். 1024 இற்குக் குறைந்த எண்ணுள்ள போர்ட்டுகளும் (வலையமைப்புத் தொடர்புக்கான வாயில்கள்) இயல்பமைப்பில் கிடைக்காமையால், 80 இற்குப் பதில் 8080 ஐப் பயன்படுத்த நேரும்.

டேட்டாச் செலவில் வேறுபாடில்லை; இரண்டும் ஒரே இமேஜ்களையே (கொள்கலன்களை உருவாக்கப் பயன்படும் ஆயத்தப் பொதிகள்) தரவிறக்குகின்றன. பயிற்சிக் குறிப்புகள் டொக்கருக்கே மிகுதி என்பதால் முதல் மாதத்துக்கு அதையே பரிந்துரைப்பேன். லினக்ஸ் அனுமதிகள் பிடிபட்டபின் பொட்மனே எனக்கு உவப்பானது.