தம்பியின் சண்டை ஒப்பந்தத்தை வாசித்துத் தந்த புதுக்கடை அலுவலகம்

டாம் வீதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது இந்தப் பெண் சட்டத்தரணியின் அலுவலகம். காணி உறுதி, வாடகை வழக்கு என்று வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். நான் கொண்டுபோனது என் தம்பிக்கு வந்த எம்.எம்.ஏ. ஒப்பந்தம், அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டிக்கான ஒப்பந்தம். 19 பக்கம், முழுக்க ஆங்கிலம்.

தம்பிக்கு 22 வயது. கொட்டாஞ்சேனையில் பயிற்சி எடுக்கிறான். வெளிநாட்டு புரொமோட்டர் ஒருவர் நான்கு சண்டைகளுக்குக் கேட்டிருந்தார். “அக்கா, வெள்ளிக்கிழமைக்கு முதல் சைன் பண்ணி அனுப்பச் சொல்றாங்க” என்று ஃபோனைக் காட்டினான். முதல் பக்கத்திலேயே 12,000 டொலர் என்று இருந்தது.

மூன்றரைக்கு வரச் சொன்னார்கள், உள்ளே கூப்பிட ஐந்து மணியாகிவிட்டது. வெளியே ஒரே ஒரு வாங்கு, காற்றாடி இல்லை. படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப்போவது கஷ்டம்.

ஆனால் உள்ளே போனபிறகு அவர் அவசரப்படவே இல்லை. காசுப் பக்கத்தை விட்டுவிட்டு நேரே 11ஆம் பக்கத்துக்குப் போனார். “எத்தனை வருஷம் என்று சொன்னாங்க தம்பி?” “ரெண்டு வருஷம், மிஸ்.” பழைய ஃபைல் மட்டை ஒன்றைத் திருப்பி, பென்சிலால் நீளமாக ஒரு கோடு போட்டு 24 மாதம் என்று எழுதினார். “கடைசியாகக் காயம் பட்டு எவ்வளவு காலம் இருந்தீங்க?” தோள் விலகி ஏழு மாதம் இருந்தான். காயத்தில் இருக்கும் காலம் ஒப்பந்தக் கணக்கில் சேராது என்று அந்தப் பக்கத்தில் இருந்தது, அதனால் அப்படி இன்னொரு காயம் வந்தால் என்று கோடு ஏழு மாதம் நீண்டது. தருகிற சண்டையை ஒருமுறை மறுத்தால் இன்னும் ஆறு. சாம்பியன் பெல்ட் வென்றால் தானாகவே இன்னும் ஒரு வருஷம். எல்லாம் முடிந்த பிறகும் அடுத்த ஒப்பந்தம் பற்றி மூன்று மாதம் அவர்களோடு மட்டும்தான் பேசலாம். அதற்குப் பிறகு ஒரு வருஷம், வேறு யார் என்ன தொகை சொன்னாலும் அதே தொகையைக் கொடுத்து இவர்களே வைத்துக்கொள்ளலாம். கூட்டிப் பார்த்தால் 64 மாதம். மட்டையில் இடம் முடிந்துவிட்டது. தம்பி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவர்கள் விடாவிட்டால் அவ்வளவு காலமும் வேறு எங்கேயும் சண்டை போட முடியாது. ஆனால் வருஷத்துக்கு இத்தனை சண்டை கட்டாயம் தருவோம் என்று எங்கேயும் இல்லை, ‘தர முயற்சிப்போம்’ என்றுதான் இருந்தது. 12,000 டொலரின் கணக்கும் அப்புறம்தான் புரிந்தது. ஒரு சண்டைக்கு 1,500, வென்றால் இன்னொரு 1,500. நான்கையும் வென்றால்தான் அந்தத் தொகை. கோச்சின் விமானச் செலவும் மருத்துவப் பரிசோதனையும் தம்பியின் தலையில்.

அப்போதுதான் தம்பி பிரான்சிஸ் இங்கானுவைப் பற்றிச் சொன்னான். யூ.எஃப்.சி. என்ற பெரிய அமெரிக்க எம்.எம்.ஏ. நிறுவனத்தில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்துகொண்டே ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து, 2023 ஜனவரியில் வெளியே வந்து, அதே வருஷம் ஒக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃபியூரியோடு குத்துச்சண்டை போட்டவர். வீட்டுக்கு வந்து நானும் தேடி வாசித்தேன். இப்படி நீளும் ஒப்பந்தங்களால் தங்களைக் கட்டிப்போட்டுச் சம்பளத்தைக் குறைத்தார்கள் என்று வீரர்கள் 2014இல் அந்த நிறுவனத்தின்மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 37.5 கோடி டொலர் சமரசத்துக்கு 2025இல்தான் நீதிமன்றம் இறுதி அனுமதி கொடுத்தது. முகமது அலியின் பெயரில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அங்கே இருக்கிறது. அது குத்துச்சண்டைக்காரருக்கு மட்டும்தான், எம்.எம்.ஏ. வீரருக்கு இல்லை.

பிணக்கு வந்தால் சிங்கப்பூரில் நடுத்தீர்ப்பு, அதாவது வழக்குப் போடாமல் நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வது, என்று ஒரு வரி இருந்தது. அது எங்கேயோ நடக்கிற விஷயம்தானே என்று நான் நினைத்தேன். இல்லை, 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டப்படி அங்கே கொடுக்கிற தீர்ப்பை இங்கே கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றலாம் என்று மிஸ் விளக்கினார்.

மூன்று கோரிக்கைகளோடு ஒரு பக்கக் கடிதம் எழுதித் தந்தார். காயக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் நீளக் கூடாது. வருஷத்துக்கு இரண்டு சண்டையாவது தராவிட்டால் தம்பி விலகலாம். கடைசியில் இருக்கிற அந்த ஒரு வருஷம் மூன்று மாதமாகக் குறைய வேண்டும். முதல் இரண்டுக்கும் புரொமோட்டர் ஒத்துக்கொண்டார், மூன்றாவதுக்கு மறுத்துவிட்டார். அதையும் தெரிந்துகொண்டுதான் தம்பி அடுத்த கிழமை கையெழுத்துப் போட்டான்.

கட்டணம் 18,000 ரூபாய், காசாகத்தான் வாங்குகிறார்கள். ரிசீட் கேட்டால்தான் தருகிறார்கள். ஃபோன் எடுத்தால் பதில் கிடைப்பது அரிது. வரி பற்றிக் கேட்டபோது அது தன் வேலை இல்லை, கணக்காளரிடம் கேளுங்கள் என்று நேராகவே சொன்னார், அது எனக்குப் பிடித்தது. எனக்கு உண்மையில் குறையாகப் பட்டது ஒன்று. ஆறரை வரை உட்கார்ந்து தமிழில் அழகாக விளக்கியவர், எழுத்தில் தந்த குறிப்பை ஆங்கிலத்தில்தான் தந்தார். வீட்டில் அம்மாவுக்கு நான் பென்சில் கோட்டைக் காட்டித்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மட்டையைக் கேட்டு வாங்கி வந்தது நல்லதாகப் போயிற்று.

போகிறவர்கள் காலையில் போகாதீர்கள், அவர் கோர்ட்டில் இருப்பார். ஒப்பந்தத்தைப் பக்க இலக்கத்தோடு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபோனில் காட்டினால் வாசிக்க மாட்டார்.