ஞாபக மருந்து விற்க வருபவர்களைப் பற்றி

அம்மாவுக்கு 74 வயது. அடுப்பில் வைத்த பாலை மறப்பதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. மல்லாவிச் சந்தையில் வீட்டுக்குப் போகும் வழி தெரியாமல் நின்ற அன்றுதான் பயம் பிடித்தது. கிளிநொச்சி கிளினிக்கில் பி12, தைரொயிட் எல்லாம் பார்த்தார்கள் (அவை குறைந்தாலும் மறதி வருமாம்). அவற்றில் பிழையில்லை. மறதி நோயின் ஆரம்பம் என்று சொல்லி ஒரு குளிசை தந்தார்கள்.

ஊருக்குக் கதை தெரிந்து ஒரு கிழமைக்குள் ஒருவர் வந்துவிட்டார். வெள்ளைச் சேட்டு, கையில் ஃபைல். வல்லாரை மருந்து என்றார். வல்லாரைச் சம்பலோடு வளர்ந்த எங்களுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? மூன்று மாதத்துக்கு 6 போத்தல், 42,000 ரூபா, கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய காசு. ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை. படலையைத் திறந்துகொண்டே சொன்னார்: "அக்கா, கிளினிக்கில இதைப் பற்றிக் கதைக்காதேங்கோ. அவைக்கு எங்கட மருந்து பிடிக்காது."

அந்த இடத்திலேயே காசைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும்.

ஐந்தாவது கிழமை அம்மாவின் கைகளில் அங்கங்கே கருநீலமாகக் கண்டிப்போனது. பிறகு ஒருநாள் மூக்கால் இரத்தம். போன் எடுத்தால், "கெட்ட இரத்தம் போகுது, நல்லதுதான்" என்கிறார்! போத்தலையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டொக்டர் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தார். வல்லாரையோடு கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறும் இருந்தது. அம்மாவோ இதயத்துக்கு, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் போடுகிறவர். கிங்கோவும் சேர்ந்தால் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடுமாம். அந்தக் கிங்கோவாலாவது பலன் உண்டா என்று தேடினேன். அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,000க்கு மேற்பட்டவர்களை வைத்து, நாளுக்கு 240 மில்லிகிராம் வீதம் சுமார் ஆறு வருடம் சோதித்து 2008இல் முடிவு வந்திருக்கிறது. மருந்தில்லாத வெறும் குளிசை போட்டவர்களைவிட கிங்கோ போட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வரவில்லை.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அரச சித்த வைத்தியசாலைக்குப் போயிருந்தால், வேறென்ன குளிசை போடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள். இவர் கேட்கவேயில்லை. போத்தலில் தயாரித்தவர் விலாசமோ பதிவு இலக்கமோ கிடையாது.

மருந்தை நிறுத்திப் பத்து நாளில் கை தெளிந்தது. மூடி திறக்காத மூன்று போத்தல் அலுமாரியில் கிடக்கிறது. அவருடைய நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. போன கிழமை விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டில் அதே ஃபைலோடு இருந்தாராம், மச்சாள் சொன்னாள்.