பிரஷர் பரிசோதனைப் பொதியில் சிறுநீரகத்துக்கு எவ்வளவு இடம்?

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இயங்கும் தனியார் ஆய்வுகூடமொன்று, பிரஷர் உள்ளவர்களுக்கெனத் தனியான பரிசோதனைப் பொதியொன்றை வழங்குகிறது. 68 வயதான அம்மாவை அங்கே கூட்டிச் சென்றேன். வெறும் வயிற்றோடு வருபவர்களை அதிகம் காக்க வைப்பதில்லை. இரத்தம் எடுத்த பிள்ளையும் தமிழிலேயே பேசி, ஒரே குத்தில் வேலையை முடித்தார். குறை பொதியில்தான் இருக்கிறது.

கொழுப்பு, சீனி, ஈசிஜி என்று எல்லாம் இதயத்தைச் சுற்றியே இருக்க, சிறுநீரகத்துக்கென்று கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவொன்றின் குருதி அளவு) ஒன்றைத்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் குருதியமுக்கத்தை நீண்டகாலத்தில் தீர்மானிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்குண்டு. இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைப் பெறும் இரு சிறுநீரகங்களும், நாளொன்றுக்கு 180 லீற்றர் வரை நீரை வடித்து, ஒன்றரை லீற்றரளவைச் சிறுநீராக வெளியேற்றி, மீதியை உப்போடு உடலுக்கே திருப்பிவிடுகின்றன. திரும்பும் உப்பு கூடினால் குருதியின் கனவளவும் அமுக்கமும் கூடும். அமுக்கம் குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்ற நொதியத்தைச் சுரக்க, அது ஈரலிலிருந்து வரும் புரதமொன்றை வெட்ட, வெட்டுண்ட துண்டு பெரும்பாலும் நுரையீரலில் அஞ்சியோடென்சின் 2 என்ற ஹோர்மோனாக மாறி, நாடிகளைச் சுருக்குவதுடன் அல்டோஸ்டெரோன் என்ற இன்னொரு ஹோர்மோனையும் தூண்டி உப்பைப் பிடித்துவைக்கிறது. சிறுநீரக நாடி ஒடுங்கிவிட்டாலோ, உடலில் அமுக்கம் ஏறியிருக்கும்போதும் சிறுநீரகம் அதைக் குறைவென்றே கணித்து ரெனினைச் சுரந்துகொண்டிருக்கும்.

அம்மா குடிக்கும் லொசார்டன் குளிசை, அஞ்சியோடென்சினின் வேலையைத்தான் தடுக்கிறது. அல்டோஸ்டெரோன் குறையும்போது சிறுநீரில் போகவேண்டிய பொட்டாசியம் உடலில் தேங்கக்கூடும் என்பதால் அதை இடையிடையே பார்க்கவேண்டும். இந்தப் பொதியில் அது இல்லை. தனியாகக் காசு கட்டவேண்டும். சிறுநீரகம் பழுதடையத் தொடங்குவதை முன்கூட்டியே காட்டக்கூடிய சிறுநீர் அல்புமின் (சிறுநீரில் கசியும் புரதம்) பரிசோதனையும் அப்படியே. பிரஷர்காரருக்கென்று விற்கும் பொதிக்கு இது அழகல்ல.

அறிக்கையில் அம்மாவின் கிரியேட்டினின் 1.1 mg/dL; பக்கத்தில் இயல்பு என்று அச்சிட்டிருந்தார்கள். அதே 1.1, முப்பது வயது ஆணுக்கு நிமிடத்துக்கு 90 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட வடிகட்டலைக் குறிக்கும்; 68 வயதுப் பெண்ணுக்கோ ஏறத்தாழ 55. மூன்று மாதங்களுக்கு மேலாக 60க்குக் கீழே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கவுண்டரிலேயே பதிகிறார்கள்; அந்த வடிகட்டல் கணக்கை அச்சிட மேலதிகச் செலவேதுமில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். போகிறவர்கள் காசு கட்டுமுன்பே பொட்டாசியத்தையும் சிறுநீர் அல்புமினையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கேட்டால் இரண்டாவது பற்றுச்சீட்டுக்கு மறுபடியும் வரிசையில் நிற்கவேண்டும்.