பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா?

திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். குறைதீர்க்கும் நாளில் வரும் மனு ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் உள்கதை முழுதும் இருக்கும். கடன் எவ்வளவு, நோய் என்ன, பாகப்பிரிவினையில் யாரோடு தகராறு, போதாததற்கு ஆதார் எண், போன் நம்பர். தமிழ் பேசும் ஏஐ மாடலைப் பயிற்றுவிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல சரக்கு இல்லை, ஏனென்றால் இது மக்கள் தம் கைப்பட எழுதிய தமிழ். இதைவிட ஆபத்தான சரக்கும் இல்லை. அப்படி ஆயிரம் மனுக்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் உள்ள ஆட்களைக் காப்பாற்ற என்னென்ன வழி, எது எதைவிட மேல்?

ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடல் படித்ததெல்லாம் கரைந்து வெறும் எண்களாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு அதைப் பொய்யாக்கியது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-2 மாடலைப் பேசவிட்டு, மனப்பாடமாக இருக்கலாம் என்று 1,800 துண்டுகளைப் பொறுக்கிச் சரிபார்த்தார்கள். 600-க்கும் மேற்பட்டவை பயிற்சித் தரவில் இருந்த அதே வரிகள். அவற்றில் நிஜ ஆட்களின் பெயரும் போன் நம்பரும் இமெயில் முகவரியும் இருந்தன.

எல்லோரும் முதலில் கைவைப்பது அழித்தல்தான். எண்களைப் பொறுத்தவரை இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆதாருக்கு 12 இலக்கம், கடைசி இலக்கம் முன்னுள்ள 11-ஐச் சரிபார்க்கும் இலக்கம். அதனால் ஏதோ ஒரு ரசீது எண்ணையும் ஆதாரையும் பிரித்தறியலாம். பான் எண் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து என்று வரும். ஸ்கேன் செய்த மனுவில் சுழியத்தை 'ஓ' என்று கணினி படித்துவிட்டால் அந்த ஆதார் வலையில் சிக்காமல் நழுவும். அதை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

பெயரில்தான் தமிழ் நம் கழுத்தைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைப் பார்த்தாவது பெயரை மோப்பம் பிடிக்கலாம், நமக்கு அந்த வசதி கிடையாது. மனு முழுக்க 'அரசு' என்று வரும். அது உதவித்தொகை தரும் அரசா, பாகம் தர மறுக்கும் அண்ணன் அரசா? 'செல்வி' என்பது பெயரா, திருமணமாகாத பெண்ணுக்குப் போடும் அடைமொழியா? மலர், அருள், வெற்றி எல்லாம் இதே கதைதான். விகுதி ஒட்டிக்கொண்டு 'முத்துவுக்கும்', 'முத்துவோடயும்' என்று உருமாறும்போது இன்னும் சிக்கல். இறுக்கிப் பிடித்தால் பாதி மொழி கறுப்பு மையில் மூழ்கும், தளர்த்திப் பிடித்தால் ஆட்கள் தப்பி வெளியே தெரிவார்கள்.

அழிப்பதற்குப் பதில் மாற்றி எழுதுவது எனக்குப் பிடித்த வழி. செல்வி வரும் இடமெல்லாம் கலா, முத்து வரும் இடமெல்லாம் ராசு. வாக்கியம் உடையாது, மாடலும் இயல்பான தமிழைக் கற்கும். இன்னொரு லாபமும் உண்டு: நாம் கோட்டைவிட்ட ஒன்றிரண்டு நிஜப் பெயர்கள் பொய்ப் பெயர்களின் கூட்டத்தில் கலந்துவிடும், எது நிஜம் என்று படிப்பவருக்குத் தெரியாது. கறுப்பு மை பூசிய பக்கத்தில் தப்பிய ஒரே பெயர் பளிச்சென்று நிற்கும்.

ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கற்பனையாக ஒரு மனு: சத்துணவுக்கூடச் சமையலர், கணவர் இறந்துவிட்டார், மகனுக்குக் காது கேட்காது, வீட்டு மனைப் பட்டா கேட்கிறார். பெயர், எண், ஊர் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. அந்த வட்டாரத்துக்காரர் யாராவது படித்தால் 'அட, நம்ம அக்கா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? 1997-ல் லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் செய்து காட்டியதும் இதுதான். மாசசூசெட்ஸ் அரசு ஊழியர்களின் மருத்துவக் குறிப்புகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்திருந்தார்கள். ஸ்வீனி 20 டாலருக்குக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்தார். ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பு அகப்பட்டது. ஆளுநருக்கே அந்தக் கதி.

இந்த ஓட்டையைக் கணக்குப் போட்டு அடைக்க வந்தது டிஃபரன்ஷியல் பிரைவசி. பெயர்தான் மிரட்டும், கரு எளிது. ஆயிரம் பேரிடம் 'லஞ்சம் கொடுத்தீர்களா?' என்று கேட்கிறோம். பதில் சொல்லும் முன் ஒவ்வொருவரும் மறைவாக நாணயம் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை. பூ விழுந்தால் இன்னொரு முறை சுண்டி, தலைக்கு 'ஆம்', பூவுக்கு 'இல்லை'. 400 பேர் 'ஆம்' என்றால், அதில் சுமார் 250 நாணயம் சொன்னது. மிச்சம் 150, உண்மை சொன்ன ஏறத்தாழ 500 பேரிலிருந்து வந்தது. ஆக, 30 சதவீதம் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஊரின் நிலவரம் தெரிகிறது, ஆனால் எந்த ஒருவரையும் 'நீதானே கொடுத்தாய்' என்று பிடிக்க முடியாது. 1965-ல் வார்னர் என்ற புள்ளியியலாளர் தொடங்கி வைத்த யோசனையின் வழி இது. 2006-ல் சிந்தியா டுவொர்க்கும் கூட்டாளிகளும் இதே எண்ணத்துக்கு முறையான கணித வடிவம் தந்தார்கள். மாடல் பயிற்சியில், ஒரு மனு மாடலை எவ்வளவு அசைக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வைத்து, மேலே இரைச்சலை, அதாவது நாணயம் சுண்டியதுபோல் தற்செயலான எண்களை, தூவுகிறார்கள். எவ்வளவு கசியலாம் என்ற அளவுக்கு எப்சிலான் என்று பெயர். சின்ன எண் என்றால் பாதுகாப்பு அதிகம்.

மற்ற வழிகளெல்லாம் 'எங்களால் முடிந்தவரை செய்தோம்' என்கின்றன. இது ஒன்றுதான் நிரூபணத்தோடு உத்தரவாதம் தருகிறது. விலையும் அதற்கேற்ற விலைதான். 2025-ல் கூகுள் வால்ட்ஜெம்மா என்ற 100 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாறும் உள் எண்கள்) கொண்ட மாடலை முழுக்க இம்முறையிலேயே, எப்சிலான் 2-க்குள் பயிற்றுவித்தது. அதன் திறமை, இந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு முன் வந்த மாடல்களின் அளவுக்குத்தான் இருக்கிறது என்று கூகுளே ஒப்புக்கொண்டது. அதுவும் அவர்கள் கையிலிருக்கும் தரவுக் கடலில். இரைச்சல் முதலில் மூழ்கடிப்பது அரிதாக வருவதைத்தான். நமது ஆயிரம் மனுவில் கொங்குப் பேச்சும் நாகர்கோவில் பேச்சும் ஆளுக்கு நாற்பது மனுதான் இருக்கும் என்றால், ஆட்களோடு சேர்ந்து அந்தப் பேச்சும் மறைந்துபோகும். சின்ன மொழி இதற்குக் கொடுக்கும் வரி, ஆங்கிலம் கொடுப்பதைவிடக் கூடுதல்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வால்ட்ஜெம்மாவின் உத்தரவாதம் 1,024 டோக்கன் (மாடல் படிக்கும் சொல் அல்லது சொல்துணுக்கு) கொண்ட ஒரு துண்டுக்குத்தான், ஒரு மனிதருக்கு அல்ல. பட்டாவுக்காகப் பத்து வருஷமாக வாராவாரம் மனு கொடுக்கும் பெரியவரின் கதை நூற்றுக்கணக்கான துண்டுகளில் இருக்கும். அவருக்கு அந்த எப்சிலான் 2 அப்படியே பொருந்தாது.

அவரை நினைத்தாவது, யாரும் பெரிதாகப் பேசாத ஒரு சில்லறை வேலையைச் சொல்லியாக வேண்டும்: ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வராமல் களைவது. பயிற்சித் தரவில் பத்து முறை வரும் வரியை மாடல், ஒருமுறை மட்டும் வருவதைவிடச் சராசரியாக ஆயிரம் மடங்கு அதிகமாக ஒப்பிக்கிறது என்று 2022-ல் ஓர் ஆய்வு கண்டது. செலவு சொற்பம், மாடலுக்கும் நல்லது. இதைச் செய்யாமல் பெரிய கணிதத்துக்குத் தாவுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குக் கம்பி போடுகிற வேலை.

ஃபெடரேட்டட் லேர்னிங் வேறு ரகம். மனுக்கள் 38 மாவட்ட அலுவலகங்களிலேயே இருக்கும், மாடல் அங்கே போய்ப் படித்துவிட்டு வரும். கூகுளின் ஜிபோர்டு கீபோர்டில் வழக்கமான முறை. தரவு ஒரே இடத்தில் குவியாததால் மொத்தமாகத் திருடுபோகும் பயம் குறையும். ஆனால் மாடல் கொண்டுவரும் திருத்தங்களிலிருந்தே மூலத் தரவை மீட்கலாம் என்று 2019-ல் காட்டிவிட்டார்கள். மேலும், படித்த மாடல் மனப்பாடம் செய்வது செய்வதுதான். இது பெட்டகத்துக்குப் பூட்டு, மாடலின் வாய்க்குப் பூட்டு அல்ல.

செயற்கை மனுக்களை இன்னொரு மாடலை வைத்தே எழுதவைக்கும் வழியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று பிழையில்லாமல் எழுதித் தரும். கோபத்தில் பாதியில் அறுந்த வாக்கியம் அதில் வராது. எழுதிய மாடல் தான் மனப்பாடம் செய்ததையே துப்பவும் கூடும்.

சட்டத்தை நம்பி இருக்கலாமே என்றால், 2023-ஆம் ஆண்டின் நமது தரவுப் பாதுகாப்புச் சட்டம் அபராதமாக 250 கோடி ரூபாய் வரை பேசுகிறது. அதே சட்டம், ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தகவலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மனுவாகக் கொடுத்ததற்குக் காப்பு உண்டு, அதையே எல்லோரும் பார்க்கும்படி ஃபேஸ்புக்கில் போட்டால் இல்லை.

ஆக, கோடிக்கணக்கில் தரவு இருப்பவர்கள் டிஃபரன்ஷியல் பிரைவசியைத் தவிர்க்கச் சொல்லும் சாக்கு எதையும் நான் ஏற்கமாட்டேன். ஆயிரம் மனு வைத்திருப்பவருக்கு என் வரிசை வேறு: எண்களை அழி, பெயர்களை மாற்று, ஊரை மாவட்டமாக்கு, திரும்ப வருவதைக் களை. பிறகு ஒரு மனுஷர் உட்கார்ந்து படிக்கட்டும். அந்தச் சத்துணவுச் சமையலரின் மனு வந்தால், எவ்வளவு நல்ல தமிழாக இருந்தாலும், எடுத்துத் தனியே வைத்துவிடட்டும். மாடலுக்கு 999 போதும்.