ஸ்மார்ட் பல்பா, ஸ்மார்ட் சுவிட்சா?

போனிலிருந்தே விளக்கைப் போட்டு அணைக்க, மதுரை சிம்மக்கல் பக்கம் எங்கள் பழைய வீட்டில் இரண்டையும் மாட்டிப் பார்த்தேன். பல்பை ஹோல்டரில் மாட்டினால் வேலை முடிந்தது. நிறம்கூட மாற்றலாம். ஆனால் அம்மா பழக்கத்தில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்டே வராது. செயலியில் ‘ஆஃப்லைன்’ என்றுதான் காட்டும். தினமும் இதே கதை.

ஸ்மார்ட் சுவிட்சில் அந்தத் தொல்லை இல்லை. கையாலும் போடலாம், போனிலும் போடலாம். சாதாரண எல்இடி பல்பே போதும். பெரும்பாலான மாடல்களுக்கு நியூட்ரல் ஒயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பழைய பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குச் சுவிட்சைத்தான் சொல்வேன். அப்புறம், எது வைஃபையில் சேர மறுத்தாலும், போன் ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இவற்றில் பல அதில் மட்டும்தான் வேலை செய்யும்.