ஒரு நாள் 400 கிராம், மறுநாள் 260: வீட்டு எண்ணெய் மெசினோடு எட்டு மாதம்

நல்லெண்ணெய் பிழிகிற சின்ன மெசின் ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முதல் கிழமையே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன், இரண்டாம் மாதம் எழுதியிருந்தால் ஒன்று கூடப் போட்டிருக்க மாட்டேன். இப்போதைக்கு மூன்றரை. ஏன் என்பதுதான் இந்த நீண்ட கதை.

சீனத் தயாரிப்பு, மேசையில் வைக்கலாம், வீட்டுக் கரண்டில் ஓடும். மேலே எள்ளுப் போடுகிற வாய், உள்ளே உருளைக்குள் சுற்றும் திருகு, உருளையைச் சுற்றி ஒரு ஹீட்டர் வளையம், முனையில் புண்ணாக்கு வெளியே வரும் துவாரம், அந்தத் துவாரத்தை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு போல்ட். அவ்வளவுதான். 2025 தொடக்கத்தில் இங்கே இலங்கையில் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாயைத் தாண்டினபோது வீட்டில் தேங்காயெண்ணெயைக் குறைத்து நல்லெண்ணெய்க்கு மாறினோம். மில்லுக்கு நம் எள்ளைக் கொண்டுபோனால் முன்னால் வந்தவருடைய எண்ணெயும் கொஞ்சம் கலந்துதான் வரும், அது அம்மாவுக்குப் பிடிக்காது. அப்படி வாங்கினதுதான் இது.

முதல் நாள் ஒரு கிலோ எள்ளுக்கு 400 கிராம் எண்ணெய் வந்தது. எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய்தான், அதில் ஐந்துக்கு நாலு பங்கு கையில் கிடைத்தால் வீட்டு மெசினுக்கு அது நல்ல கணக்கு. இரண்டு கிழமை கழித்து அதே சாக்கிலிருந்து அள்ளிப் போட்டேன், 260 தான். அடுத்த முறை 350. அதற்கடுத்து திருகு இறுகி நின்றே போயிற்று. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கோயில் விளக்குக்கு மட்டும் எண்ணெய் எடுக்கிறியோ?" என்றார். விற்றவருக்குப் போன் எடுத்தால் ஒரு நாள் "சூட்டைக் கூட்டுங்கோ" என்கிறார், மறுநாள் "சூட்டைக் குறையுங்கோ" என்கிறார்.

கோபத்தில் திருப்பிக் கொடுக்கத்தான் இருந்தேன். திருகோணமலைப் பக்கம் சைனாபேயில் இருக்கிற மச்சான் மோட்டர் வேலை தெரிந்தவர், அவர்தான் ஒரு கொப்பியை எடுத்து வை, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மாற்றினதை எழுது என்றார். நான் அதுவரை செய்தது என்னவென்றால், எண்ணெய் குறைந்தால் உடனே சூட்டையும் கூட்டி, போல்ட்டையும் இறுக்கி, எள்ளையும் இன்னொரு தரம் காய வைத்து, மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று தலையைச் சொறிவது.

கொப்பியில் எழுதத் தொடங்கின உடனே தெரிந்த முதல் விசயம் வெட்கக்கேடு. மெசினை விட நான் அளந்த விதம்தான் கூடக்குறைய ஆடியிருக்கிறது. எள்ளைச் சுண்டால் (அரிசி அளக்கிற பேணி) அளந்து, இத்தனை சுண்டு ஒரு கிலோ என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். கழுவிக் காய வைத்த எள்ளும் கழுவாத எள்ளும் ஒரே சுண்டில் ஒரே நிறை இல்லை, தட்டி நிரப்பினால் ஒன்று, அப்படியே அள்ளினால் வேறொன்று. சமையலறைத் தராசோ பற்றரி இறங்கியிருந்தது, மேலே மின்விசிறி வேறு. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோதானே, அதை வைத்துப் பார்த்தால் 970 காட்டியது.

எண்ணெய்ப் பக்கமும் இதே கூத்துத்தான். சில நாள் போத்தலில் மில்லிலீற்றர் பார்த்தேன், சில நாள் நிறுத்தேன். ஒரு லீற்றர் நல்லெண்ணெய் ஏறக்குறைய 920 கிராம், இரண்டையும் ஒன்றென்று எழுதினால் அங்கேயே எட்டு வீதம் போச்சு. பிழிந்த கையோடு அளந்தால் நுரையும் கசண்டும் (அடியில் படிகிற மண்டி) சேர்ந்து நிற்கும், இரண்டு நாள் அடைய விட்டு மேலால் தெளிந்ததை மட்டும் எடுத்தால் அது வேறு அளவு. முதல் நாள் வந்த அந்த அருமையான 400 கிராம் கசண்டோடு அளந்தது. அதை நினைத்துத்தான் இரண்டு மாதம் இந்த மெசினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, தராசுக்குப் பற்றரி மாற்றி, விசிறியை நிற்பாட்டி, எல்லாவற்றையும் தராசில் நிறுத்து, எண்ணெயை இரண்டு நாள் அடைய விட்டு எழுதத் தொடங்கின பிறகும் 290க்கும் 380க்கும் இடையில் ஆட்டம் இருந்தது. இதில் பெரிய பங்கு ஈரம். நாங்கள் இருப்பது உப்புவெளி, கடல் கூப்பிடு தூரம். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் (காற்றைச் சொல்கிறேன், கடலையை அல்ல) முற்றத்தில் ஒரு மத்தியானம் பரப்பினாலே எள்ளு கலகலவென்று காய்ந்துவிடும். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் கட்டி வைத்த சாக்குக்குள்ளேயே ஈரம் ஏறும், பார்த்தால் தெரியாது. மார்கழியில் ஒரு கிலோவை நிறுத்து, தாச்சியில் இளஞ்சூட்டில் நிறம் மாறாமல் கிளறி ஆறவிட்டுத் திரும்ப நிறுத்தேன், 960 கிராம். அந்த நாற்பது கிராம் தண்ணீர்தான் என்னை ஆட்டி வைத்தது. ஈரமான எள்ளு உருளைக்குள் களி மாதிரி ஆகி, முன்னுக்குத் தள்ளுப்படாமல் திருகோடு சேர்ந்து சுற்றும், அழுத்தம் ஏறாது, எண்ணெய் நுரைத்துக் கலங்கி வரும், புண்ணாக்கு கையில் பிசுபிசுக்கும். அதற்காக வறுத்துத் தள்ளினாலும் ஆகாது. ஒரு நாள் நன்றாக வறுத்துப் போட்டேன், புண்ணாக்கு மாவாகி முனையை அடைத்தது, திருகு நின்றது அன்றைக்குத்தான். பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், ஆனால் வறுத்த வாசம் வரக்கூடாது, என் அளவு அதுதான். அம்மா இதை முதலிலேயே சொன்னார், நான் கேட்கவில்லை.

அம்மா சொன்னதில் ஒன்றைக் கேட்டுக் கெட்டதும் உண்டு. செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவார்கள், எண்ணெய் நன்றாகப் பிரியும் என்றார். செக்குக்குச் சரி. சூடேறின உருளைக்குள் அது பாகாகிக் கரிந்து, ஒரு பின்னேரம் முழுக்கத் திருகைக் கழற்றிச் சுரண்டினேன். இந்த மாதிரி மெசினில் அதைச் செய்யாதீர்கள்.

சூடு அடுத்த பிரச்சினை. முகப்பில் காட்டுகிற எண் ஹீட்டர் வளையத்தின் சூடு, உள்ளே இருக்கிற திருகினுடையது அல்ல. எண் ஏறின உடனே எள்ளைக் கொட்டினால் முதல் கால் கிலோ பச்சையாகவே போய் எண்ணெய் விடாமல் வெளியே வரும். நான் எண் ஏறின பிறகும் பத்து நிமிடம் சும்மா விடுகிறேன். அப்புறம் கரண்ட். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் எங்கள் பக்கம் வோல்ட்டேஜ் இறங்கும், மச்சான் மீற்றர் வைத்துப் பார்த்தபோது 200 தான் இருந்தது. 230க்கு 200 என்றால் ஏதோ கொஞ்சம் குறைவு என்றுதான் நினைத்தேன், ஆனால் ஹீட்டரின் சூடு அந்தக் கணக்கில் குறைவதில்லை, ஏறத்தாழ கால்வாசி போய்விடும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நானோ மெல்லிய வயர் நீட்டிப்பு ஒன்றில் குத்தி முற்றத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன், அதில் இன்னும் போகும். இப்போது காலையில், நேரே சுவரில்.

இதுவரை சொன்னது என் பிழை. மெசினின் பிழை அந்த போல்ட். எவ்வளவு திருப்பினேன் என்று பார்க்க அதில் ஒரு கோடு கூட இல்லை, கழுவக் கழற்றினால் பழைய இடத்துக்குத் திரும்ப வராது. கால் சுற்றுக்கே புண்ணாக்கின் தடிப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறுகிறது, இதற்கு ஒரு அடையாளம் போட்டு விற்க என்ன செலவாகும்? மனைவியின் நகப்பூச்சை எடுத்து போல்ட்டிலும் உடலிலும் ஒவ்வொரு கோடு போட்டேன். எட்டு மாதத்தில் செய்த வேலைகளிலேயே பலன் தந்தது அதுதான், அதன் பிறகு ஒரே மாதிரி எள்ளுக்கு 360க்குக் கீழே இறங்கினது ஒரு நாள் மட்டும், அன்றைக்கும் கரண்ட் நடுவில் போனது. தட்டையாக, ஓடு மாதிரி உடைகிற புண்ணாக்கு வந்தால் போல்ட் சரியான இடத்தில் இருக்கிறது.

நிற்பாட்டும்போதும் கவனம் வேண்டும். உள்ளே புண்ணாக்கு இருக்க அப்படியே ஆறவிட்டால் கல்லாகிவிடும், மறுநாள் சுவிச்சைப் போட்டால் மோட்டர் முனகும். சூட்டோடு, பிளக்கைக் கழற்றிவிட்டு, தடித்த கையுறை போட்டுத் திருகை எடுத்துத் துடைக்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு என்று பெட்டியில் போட்டிருக்கிறது. திருகுக்கு அது உண்மைதான், அடியில் உள்ள ஆணிகள் எங்கள் கடற்காற்றில் மூன்று மாதத்தில் சிவந்துவிட்டன.

கொப்பறாவும் போடலாம், சின்னத் துண்டுகளாக வெட்டினால். பூஞ்சணம் பிடித்ததை, வெட்டி எறிந்துவிட்டால் சரி என்று போடாதீர்கள், அந்த நஞ்சு எண்ணெய்க்கும் வரும். சத்தம் அதிகம், குழந்தை தூங்குகிற வீட்டுக்கு ஆகாது.

வாங்கலாமா? மாதம் மூன்று நான்கு கிலோ எள்ளு பிழிகிறவர், தராசும் பொறுமையும் இருக்கிறவர் வாங்கலாம். கொட்டினால் தானாக எண்ணெய் வரும் என்று நினைப்பவருக்கு மில்தான் நல்லது. உதிரிப்பாகம் விற்றவரிடம் இல்லை, ஹீட்டர் வளையம் எரிந்தால் என்ன செய்வேன் என்பது இப்போதைய கவலை. திருகோணமலை ரவுணுக்குள் உள்விட்டம் அளந்து வளையம் தருகிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கோ.